கசெட்டின் மிச்ச இடம்

பேர்னாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்ற செய்தியை நாகேந்திரத்துக்குச் சொன்னவர் மேல்மாடி நமசிவாயம். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து, கொள்ளுப்பிட்டியில் பஸ் எடுத்து வெள்ளவத்தையில் இறங்கி, ஒழுங்கை மூலைக் கடையில் இராச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கிக்கொண்டு நின்றபோது அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

“அண்ணை, கேள்விப்பட்டனீங்களே? ரெக்கோடிங் பார் பேர்னாட்டை நேற்றுப் பின்னேரம் ஏத்திக்கொண்டு போட்டாங்கள்.”

“எங்கட பேர்னாட்டையோ?”

“வேற எத்தினை பேர்னாட் இருக்கு இந்த ரோட்டில? ஆளை மட்டுமில்லை. கடையில இருந்த கசெட்டெல்லாத்தையும் சாக்கு சாக்காக் கட்டி ஜீப்பில ஏத்தினவங்களாம்.”

“ஏனாம்?”

நமசிவாயம் கடைக்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஏதோ பாட்டு இருந்ததாம். உந்த மாதிரிப் பாட்டு.”

எந்த மாதிரி என்று நாகேந்திரம் கேட்கவில்லை. சண்டை நடந்த தொண்ணூற்றேழாம் ஆண்டில், அது இயக்கப் பாட்டு என்று விளக்கிச் சொல்ல வேண்டிய தமிழர் வெள்ளவத்தையில் யாரும் இருக்கவில்லை.

“நான் வீட்டில கிடந்த பேர்னாட்டின்ர கசெட் முழுக்க அரிசி வாளிக்குள்ள தாட்டுப்போட்டன்” என்றார் நமசிவாயம். “இனி மனிசி சோறு வடிக்கேக்க பாட்டும் சேர்ந்து வரும். உங்களிட்டையும் இருக்குமே?”

நாகேந்திரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பாண் சுற்றிய பேப்பர் கைக்குள் கசங்கியது. அவரிடமும் இருந்தது. ஆனால் வீட்டில் இல்லை.

மகள் சுகிர்தாவுக்கு அன்று பின்னேரம் பம்பலப்பிட்டியில் நடனம். ஜெகதீஸ்வரி ரீச்சரின் வகுப்பு விழா. மிருதங்கக்காரர் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டபடியால் இந்த முறை எல்லாப் பிள்ளைகளுக்கும் கசெட்டுக்குத்தான் ஆட்டம். சுகிர்தா பழகிய கீர்த்தனம் இருந்த மெட்ராஸ் கசெட்டைப் போன கிழமை ரீச்சரின் மெசின் தின்றுவிட்டது. நாடா முழுக்க இடியப்பம் மாதிரி வெளியே வந்துவிட்டது.

“உங்கட மகளின்ர பாட்டுத்தானே, நீங்களே ஒண்டு வாங்கித் தாங்கோ” என்று ரீச்சர் சொல்லியிருந்தார். “கொள்ளுப்பிட்டியில மஜீட் நானாட்ட இருக்கும். ஒரிஜினல் வாங்குங்கோ, என்ன?”

நாகேந்திரம் வேலை செய்த கப்பல் கொம்பனி அலுவலகத்துக்கும் மஜீட் நானாவின் கடைக்கும் நாலு கட்டடம்தான் இடைவெளி. ஆனாலும் அவர் பேர்னாட்டிடம்தான் போனார். கஞ்சத்தனம் என்று சொல்லிவிட முடியாது. ஒரிஜினல் கசெட் வாங்குவது என்பது அந்த நாளில் அவருக்குத் தெரிந்த யாருடைய பழக்கமும் இல்லை. கடிதம் எழுதக் கடுதாசி வாங்குவது போல வெறுங்கசெட் ஒன்றை வாங்கி, வேண்டிய பாட்டுகளை ஒரு துண்டில் எழுதிப் பேர்னாட்டிடம் கொடுத்தால், இரண்டு நாளில் பதிந்து தருவான். பாடினவர் யார், கசெட்டை வெளியிட்டவன் யார், அவர்களுக்கு என்ன போய்ச் சேருகிறது என்றெல்லாம் யாரும் யோசித்ததில்லை. பேர்னாட் பதிந்தால் அது பேர்னாட்டின் பாட்டு.

அதோடு ஒரு வழக்கமும் இருந்தது. பாட்டுகள் முடிந்த பிறகும் கசெட்டில் இடம் மிஞ்சும். அதை வெறுமையாக விட்டால் சனம் சண்டைக்கு வரும், முழுக் கசெட்டுக்குக் காசு வாங்கிவிட்டு அரைக் கசெட் தருகிறாய் என்று. ஆகவே துண்டைக் கொடுக்கும்போது எல்லோரும் ஒரு வசனம் சொல்லிவிட்டுத்தான் வருவார்கள். நாகேந்திரமும் சொன்னார்.

“மிச்ச இடத்துக்கு ஏதும் நல்லதாப் போட்டு விடும், பேர்னாட்.”

பேர்னாட் என்ன போட்டான் என்று அவருக்குத் தெரியாது. கசெட்டை வாங்கிய அன்றே ரீச்சர் வீட்டில் கொடுத்துவிட்டார். மட்டையில் பேர்னாட்டின் சரிந்த எழுத்தில் கீர்த்தனத்தின் பெயர் இருந்தது. கடைசி வரியில் எப்போதும் போல ஒரே சொல். மற்றவை.

இப்போது அந்தச் சொல் அவருடைய நெஞ்சுக்குள் நின்று குடைந்தது. மற்றவை என்றால் எவை?

விழாவுக்குப் பிரதம விருந்தினர் யார் என்பது அதற்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. பொலிஸ் இன்ஸ்பெக்டர். தமிழ்ச் சனம் நூறு பேர் ஓர் இடத்தில் கூடுவதென்றால் அனுமதி எடுக்க வேண்டும். அனுமதி தருகிறவரையே மாலை போட்டு முன்வரிசையில் இருத்திவிட்டால் அலுவல் லேசு. போன வருடமும் அப்படித்தான் செய்தார்கள். போன வருடம் இன்னொன்றும் நடந்தது. ஒரு பிள்ளையின் ஆட்டம் முடிந்து திரை மூடிய பிறகும் மண்டபத்து ஸ்பீக்கர்காரன் கசெட்டை நிறுத்தவில்லை. மிச்சத்தில் இருந்த பகிடிக் கதை ஒன்று மண்டபம் முழுக்க ஒலித்து, எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

இந்த வருடம் என்ன ஒலிக்கும்?

“அண்ணை, பாணுக்குக் காசு குடுத்திட்டியளோ?” என்று நமசிவாயம் பின்னால் கேட்டது காதில் விழுந்தது. நாகேந்திரம் அதற்குள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போய்ப் பயனில்லை. மனைவி பாலேஸ்வரி மகளையும் கூட்டிக்கொண்டு மேக்கப் போட நேரத்தோடு போயிருப்பாள். மஜீட் நானாவின் கடைக்கு ஓடி ஒரிஜினல் ஒன்று வாங்கிவரலாமா என்று யோசித்தார். சனிக்கிழமை மத்தியானத்தோடு நானா பூட்டிவிடுவார். நேரே மண்டபத்துக்குத்தான் போக வேண்டும்.

பஸ் கால்வாய்ப் பாலத்தடியில் நின்றது. எல்லோரும் இறங்கிப் பொதிகளையும் கொண்டு நடந்துபோய், அந்தப் பக்கத்தில் மறுபடி ஏற வேண்டும். வரிசை நகரவில்லை. முன்னால் நின்ற பெண்ணின் சீலைப் பையை ஆமிக்காரன் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். நாகேந்திரம் காலை மாற்றி மாற்றி நின்றார். அப்படி நிற்பதே சந்தேகத்தைத் தரும் என்று நினைத்து, அசையாமல் நின்றார். அசையாமல் நிற்பதும் சந்தேகத்தைத் தரும் போலிருந்தது.

ஆமிக்காரன் அடையாள அட்டையைப் புரட்டினான். “யாப்பனேத?”

“ஔ, உப்பன்னே யாப்பனே. தென் வெள்ளவத்தே.” பிறந்தது யாழ்ப்பாணம், இப்போது வெள்ளவத்தை. இந்த இரண்டு வசனத்தை அவர் ஆயிரம் தரம் சொல்லியிருப்பார்.

“கொஹேத யன்னே?” எங்கே போகிறாய்?

“கொன்சர்ட் எகக். துவ நடனவா.” மகள் ஆடுகிறாள்.

ஆமிக்காரன் அவர் கையிலிருந்ததைப் பார்த்தான். “ஏ மொக்கத?”

“பாண்.”

ஆமிக்காரன் பேப்பரை விரித்துப் பாணை ஒரு விரலால் அமத்திப் பார்த்தான். பிறகு சிரித்தான். மகள் ஆடுகிற கொன்சர்ட்டுக்குப் பாணோடு போகிற தகப்பனை அவன் அன்றுதான் முதன்முதலாகக் கண்டிருப்பான். “யன்ன, யன்ன” என்று கையைக் காட்டினான்.

மண்டபத்தில் குத்துவிளக்கு ஏற்றி முடிந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் முன்வரிசையில் மாலையோடு இருந்தார். சின்னப் பிள்ளைகள் மேடையில் பூப்போட்டுக்கொண்டிருந்தார்கள். பாலேஸ்வரி மேடைப் படிக்கட்டடியில் ஊசியும் நூலுமாக நின்றாள்.

“என்னப்பா, பாணோட வந்து நிக்கிறீங்கள்? விசரே?”

“இஞ்ச வாரும்.” அவளைச் சுவரோரம் இழுத்துச் சொன்னார். பேர்னாட்டைச் சொன்னார். சாக்குகளைச் சொன்னார். மிச்ச இடத்தைச் சொன்னார்.

பாலேஸ்வரியின் முகம் இருண்டு, பவுடர் மட்டும்தான் வெள்ளையாக நின்றது. “ரீச்சர் படிச்சுப் படிச்சுச் சொன்னவ, ஒரிஜினல் வாங்கச் சொல்லி. பேர்னாட்டாம் பேர்னாட்! பிள்ளை அங்க சலங்கை கட்டிக்கொண்டு நிக்குது.”

“ரீச்சரிட்டச் சொல்லி இவளின்ர ஆட்டத்தை விடுவமோ?”

“என்னெண்டு சொல்லுவீங்கள்? பொலிஸ் முன்னால இருக்க, மேடையில இதைக் கதைப்பீங்களோ? சொன்னால் பத்துப் பேருக்குத் தெரியும். பிள்ளையை நான் என்ன சொல்லி மறிக்கிறது? ரெண்டு வருசமாப் பழகினவள்.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “நீங்கள் போய் அந்த மெசினுக்குப் பக்கத்தில இருங்கோ. பாட்டு முடிஞ்ச உடன நிப்பாட்டுங்கோ. அவ்வளவுதான்.”

நாகேந்திரம் மேடையின் பக்கவாட்டுக்குப் போனார். ஸ்பீக்கர்காரன் சுமணே, கால்மேல் கால் போட்டுக்கொண்டு சிகரெட்டைக் காதில் சொருகியபடி இருந்தான். கசெட்டுகள் வரிசையாக அடுக்கியிருந்தன. எல்லாம் கையால் எழுதின மட்டைகள். இதில் எத்தனை பேர்னாட்டுடையவை என்று நாகேந்திரம் பார்க்கவில்லை. தன்னுடையதைத் தேடுவதற்கே கண் நிலைகொள்ளவில்லை.

“சுமணே, துவகே எக மம பலாகன்னங்.” மகளுடையதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சுமணே நல்ல சந்தோசத்தோடு எழும்பிக் கதிரையைக் கொடுத்தான். “ஹரி மஹத்தயா. மம சிகரட் எகக் பீலா என்னங்” என்று சொல்லிவிட்டுச் சிகரெட் பிடிக்க வெளியே போய்விட்டான்.

ஆக, சுகிர்தாவின் முறை வந்தபோது, அவளுடைய கசெட்டைப் போட்டுவிட்டு மெசினுக்கு முன்னால் நாகேந்திரம் தனியாக இருந்தார். கைவிரல் ஸ்டொப் பொத்தானுக்கு மேல். ரீச்சர் மறுபக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து தலையாட்டினார். நாகேந்திரம் பிளே பொத்தானை அழுத்திவிட்டு விரலைத் திரும்ப ஸ்டொப்புக்கு மேல் வைத்தார்.

கொஞ்ச நேரம் கரகரப்பு மட்டும் வந்தது. பிறகு வீணை. பிறகு பாடகியின் குரல். சுகிர்தா மேடைக்கு வந்தாள்.

அவளை அப்படி அவர் பார்த்ததில்லை. வீட்டில் குசினிக்கும் அறைக்கும் இடையில் தையத்தை என்று காலைத் தட்டும்போது, கீழ்வீட்டுக்காரர் கோபிக்கப்போகிறார், மெதுவாத் தட்டு பிள்ளை என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான். இங்கே அவள் கண்ணால் ஒருவரைக் கூப்பிடுகிறாள், அவர் வரவில்லை, கோபிக்கிறாள். வந்துவிட்டார் போல, முகத்தைத் திருப்புகிறாள். சபை அமைதியாக இருந்தது. ஆனால் நாகேந்திரத்தால் மகளையும் பார்க்க முடியவில்லை, மெசினையும் விட முடியவில்லை. நாடா ஒரு சில்லிலிருந்து மற்றச் சில்லுக்குச் சுற்றிச் சுற்றிப் போனது. ஒவ்வொரு சுற்றோடும் அந்த மற்றவை கிட்ட வந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் இன்ஸ்பெக்டர் காலை ஆட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

மிருதங்கம் வேகமெடுத்தது. பாடகி மேலே மேலே போனாள். சுகிர்தா மேடையைச் சுற்றி வந்து, ஒரு காலைத் தூக்கிக் கைகளை விரித்து நின்றாள். பாட்டு நின்றது. ஒரு சத்தமும் இல்லை. ஸ்பீக்கரில் கரகரப்பு மட்டும்.

நாகேந்திரத்தின் விரல் பொத்தானை அமத்தியது. டக்.

அப்பாடா என்று மூச்சு விட்டார். முடிந்தது.

சபை கைதட்டவில்லை. சுகிர்தா அசையவில்லை. தூக்கிய கால் தூக்கியபடி, விரித்த கை விரித்தபடி நின்றாள். திரையும் மூடவில்லை. நாகேந்திரம் மறுபக்கம் பார்த்தார். ஜெகதீஸ்வரி ரீச்சர் இரண்டு கைகளாலும் காற்றைச் சுழற்றிக்கொண்டிருந்தார். வாய் அசைந்தது. போடுங்கோ, போடுங்கோ!

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. பாட்டு முடியவில்லை. பாட்டுக்கு நடுவில் அப்படி ஓர் இடைவெளி இருக்கிறது. ரெண்டு வருசமாக மகள் பழகிய பாட்டு அவருக்குத் தெரியவில்லை.

திருப்பிப் போட வேண்டும். விரல் வரவில்லை. இதற்குப் பிறகு வரப்போவது அவளுடைய பாட்டின் மிச்சம்தானா, பேர்னாட் போட்ட மிச்சமா? ரீச்சர் சொல்லுகிறார். ஆனால் ரீச்சருக்கு மெட்ராஸ் கசெட்தான் தெரியும், இந்தக் கசெட்டை அவர் கடைசிவரை கேட்டாரோ என்னவோ. இன்ஸ்பெக்டர் முன்னுக்குச் சரிந்து இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சுகிர்தாவின் தூக்கிய கால் மெல்ல நடுங்கத் தொடங்கியது. சலங்கையில் ஒரே ஒரு மணி மட்டும் கிணுங்கியது.

நாகேந்திரம் கண்ணை மூடிக்கொண்டு அமத்தினார்.

மெசின் ஒருதரம் மாடு போலக் கத்திவிட்டுப் பாட்டைப் பிடித்தது. அதே பாடகி. அதே மிருதங்கம். சுகிர்தா அரைத்தாளம் பிந்தித்தான் காலை வைத்தாள். பிறகு ஓடிப் பிடித்துக்கொண்டாள். முடிவில் கும்பிட்டபோது சபை எழும்பிக் கைதட்டியது. பாடகியின் கடைசி எழுத்து முடிகிறதற்கு முதலே நாகேந்திரம் கசெட்டை வெளியே எடுத்துச் சேர்ட் பொக்கற்றுக்குள் வைத்துவிட்டார்.

பிரதம விருந்தினர் பேசும்போது அந்தப் பிள்ளை சிலை மாதிரி நின்றதுதான் தனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது என்று சிங்களத்தில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். சுகிர்தா மேக்கப் அறையில் இருந்து அழுதுகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து, சலங்கையைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்த பிறகுதான் சுகிர்தா கேட்டாள்.

“சுமணே சொன்னவர், தான் அதில இருக்கேல்லையாம். ஆர் நிப்பாட்டினது?”

“நான்தான் பிள்ளை.”

“ஏன் அப்பா நிப்பாட்டினனீங்கள்?”

நாகேந்திரம் பாலேஸ்வரியைப் பார்த்தார். பாலேஸ்வரி பாணை வெட்டிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இதைச் சொன்னால் பள்ளிக்கூடத்தில் சொல்லுவாள். “முடிஞ்சுது எண்டு நினைச்சனான்” என்றார்.

“ஒரு நாளும் நீங்கள் நான் ஆடுறதைப் பாக்கிறேல்லை. அதுதான் தெரியேல்லை.” அறைக் கதவு படாரென்று மூடியது.

அது பாதி உண்மை.

விளக்கு வைக்கிற நேரம். யன்னல்களைப் பூட்டி, மின்விசிறியைப் பலமாகப் போட்டுவிட்டு, அவரும் பாலேஸ்வரியும் ரேடியோ செட்டுக்குள் அந்தக் கசெட்டைப் போட்டார்கள். சத்தத்தைக் குறைத்துவிட்டு இரண்டு பேரும் காதை ஸ்பீக்கரோடு வைத்துக்கொண்டார்கள். கீர்த்தனம் முடிந்தது. ஒரு கரகரப்பு. நாகேந்திரத்தின் கை பாலேஸ்வரியின் கையைத் தேடிப் பிடித்தது.

வந்தது ஒரு சிங்கள பைலாப் பாட்டு. அதுவும் பாதியில் நின்றது. பிறகு ரேடியோவில் போகிற பால்மா விளம்பரம். பிறகு எங்கோ ஒரு கதிரை இழுபடுகிற சத்தம், ஒரு தும்மல். அதற்குப் பிறகு, மைக் திறந்திருப்பது தெரியாத ஒரு மனிதனின் குரல், கிட்டத்தில், தெளிவாக.

“கொன்ஸ்ரன்ஸ்! ஏ கொன்ஸ்ரன்ஸ்! தேத்தண்ணி கேட்டு எவ்வளவு நேரம்? சீனி கொஞ்சம் கூடப் போடு, சரியா?”

அவ்வளவுதான். மிச்சம் வெறும் நாடா.

பாலேஸ்வரிக்கு முதலில் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நாகேந்திரமும் சிரிக்கத் தொடங்கி, நடுவில் நிறுத்திவிட்டார். அது பேர்னாட். பெண்சாதியிடம் தேத்தண்ணி கேட்கிறான். நேற்றிலிருந்து அவனுக்கு யார் தேத்தண்ணி கொடுத்திருப்பார்கள்? மத்தியானத்திலிருந்து அவர் ஒரு தரம்கூட அவனைப் பற்றிக் கவலைப்படவில்லை. கசெட், கசெட் என்றுதான் ஓடியிருக்கிறார்.

“அந்தப் பெட்டை கொன்ஸ்ரன்ஸ் என்ன செய்யுதோ” என்றாள் பாலேஸ்வரி.

திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நாகேந்திரம் மஜீட் நானாவின் கடைக்குப் போனார். கண்ணாடி அலுமாரிகளில் ஒரிஜினல் கசெட்டுகள் பளபளவென்று நின்றன. நானா அவரைக் கண்டதும் வெற்றிலைச் சிரிப்புச் சிரித்தார்.

“வாங்க சேர், வாங்க. வெள்ளவத்தையா? பாத்தாலே வெளங்குது. பேர்னாட் உள்ளுக்குப் போனதும் எல்லாரும் எனக்கிட்ட வாரீங்க. காலையிலிருந்து நீங்க எத்தனாவது ஆள் எண்டு எண்ணவே ஏலாமப் போச்சு.”

நாகேந்திரம் பாடகியின் பெயரைச் சொன்னார். நானா கையை விட்டு ஒரே எடுப்பில் எடுத்து வைத்தார். அச்சடித்த மட்டையில் பாடகியின் படம். பின்னால் பாட்டுகளின் பெயர், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் என்றுகூட இருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

“இந்தப் படத்திலீக்கிற அம்மாவுக்கு இதில ஒரு சொட்டாவது போவும், சேர். பேர்னாட்டுக்கிட்டப் போனா ஒண்டும் போவாது. எனக்கும்தான் ஒண்டும் வாரதில்ல.” பேப்பரில் சுற்றிக்கொண்டே சொன்னார். “அதுக்காக அவன் அங்க கெடக்கோணும் எண்டு நான் நெனக்கல்ல. நேத்து பொலிசுக்குப் போனேன். எனக்குத் தெரிஞ்ச சார்ஜன்ட் ஒருத்தன் ஈக்கிறான்.”

“நீங்கள் போனனீங்களோ?”

“போகாம? புள்ளக்குட்டிக்காரன். அவனிட்ட ஒண்டும் அகப்படல்லையாம் சேர், ஆனா விடவும் ஏலாதாம். ஒரிஜினல் எண்டா மட்டையப் பாத்துட்டுக் குடுத்துருவானுகள். இவன்ட எல்லாம் கொப்பிதானே? உள்ளுக்கு என்ன ஈக்குது எண்டு ஆருக்குத் தெரியும்? ஒவ்வொண்டாப் போட்டு, கடைசி மட்டும் கேக்கோணும். கேக்கிற பொலிஸ்காரனுக்குத் தமிழும் தெரியாது.” நானா தலையை ஆட்டினார். “சாக்குச் சாக்கா ஈக்குது. எப்ப கேட்டு முடிக்கிறது?”

நாகேந்திரம் காசை எண்ணி வைத்தார். அந்தச் சாக்குகளுக்குள் எத்தனை கசெட்டின் கடைசியில், மிச்ச இடத்துக்கு நல்லதாப் போடும் என்று யார் யாரோ சொன்னதற்காகப் பேர்னாட் எதை எதைப் போட்டு வைத்திருக்கிறானோ. அவனுக்கே ஞாபகம் இருக்குமோ தெரியாது.

“நானா, பின்னேரம் நீங்கள் பொலிசுக்குப் போறதெண்டால் நானும் வாறன். எனக்கு எழுத வாசிக்கச் சிங்களம் தெரியும். கொம்பனிக் கடிதாசி எல்லாம் நான்தான் எழுதுறது.”

நானா அவரை நிமிர்ந்து பார்த்தார். “வெள்ளவத்தையாலருந்து இத சென்ன மொதல் ஆள் நீங்கதான் சேர். வாங்க. அஞ்சு மணிக்குக் கடயப் பூட்டுவேன்.”

அவர்கள் போனார்கள். பெஞ்சில் காத்திருந்தார்கள். கொன்ஸ்ரன்ஸும் அங்கே ஒரு பிளாஸ்கோடு இருந்தாள். பேர்னாட்டை விடச் சொல்லிச் சிங்களத்தில் ஒரு மனு எழுதிக் கொடுத்தார் நாகேந்திரம். பெயர், விலாசம், தொழில் எல்லாம் தன்னுடையதும் போட்டு. கீழே கையெழுத்தும் வைத்தார். நாளைக்கு வா என்றார்கள். உள்ளே எங்கேயோ ஓர் அறையில் தமிழ்ப் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, யாரும் கேட்டு ரசிக்காத மாதிரி, மெதுவாக.

வீட்டுக்கு வந்து புதுக் கசெட்டை மேசையில் வைத்தார். சுகிர்தா மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இப்ப ஏன் வாங்கினனீங்கள்? விழா முடிஞ்சுது.”

“எனக்கு இந்தப் பாட்டைக் கேக்கோணும் பிள்ளை. முழுக்க.”

“கேட்டு?”

“நீ ஆடிக் காட்டு. சலங்கை வேண்டாம். கீழ்வீட்டுக்காரர் ஏதும் சொன்னால் நான் கதைக்கிறன்.”

அவள் யோசித்தாள். பிறகு தாயின் சீலை ஒன்றை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு வந்தாள். “அப்பா, நீங்கள் அங்க போய் இருங்கோ. கதவடியில. ரேடியோவுக்குக் கிட்ட வரக்கூடாது.”

நாகேந்திரம் கதவடியில் போய் நிலத்தில் இருந்தார். பாலேஸ்வரி குசினி வாசலில் அகப்பையோடு நின்றாள். வீணை வந்தது, கரகரப்பில்லாமல். குரல் வந்தது. மகள் கண்ணால் கூப்பிட்டாள், கோபித்தாள், முகத்தைத் திருப்பினாள். மிருதங்கம் வேகமெடுத்தது. அவள் சுற்றி வந்து ஒரு காலைத் தூக்கி நின்றாள். எல்லாம் நின்றது.

அந்த நேரம் பார்த்து ஒழுங்கைக்குள் ஜீப் ஒன்று வந்தது. வெளிச்சம் யன்னல் சீலையில் பட்டு, சுவரில் ஏறி, மகளின் விரித்த கையின் மேல் போனது. பாலேஸ்வரி அகப்பையை நெஞ்சோடு அணைத்தாள். நாகேந்திரத்தின் வலது கை ரேடியோவை நோக்கித் தானாக எழும்பியது. அதை இடது கையால் பிடித்து மடியில் அமத்திக்கொண்டார். ஜீப் நிற்கிறதா, போகிறதா? சுகிர்தா தகப்பனையே பார்த்துக்கொண்டு, கண் இமைக்காமல், காலை இறக்காமல் நின்றாள்.

ஜீப் அடுத்த வளைவில் திரும்புகிற சத்தம் கேட்டது. மிருதங்கம் விழுந்தது. அவள் காலை வைத்தாள், தாளத்தில், சரியாக.